சக்கரம் வட்டமாகத் தெரிய வேண்டும்

திருநகர், மதுரை

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் நேற்றுக் கிடைத்தது. மகள் வாங்கித் தந்த அகலத் தொலைக்காட்சியில் உன் கல்யாண டிவிடியைப் போட்டபோது, ஒடிசலான உன் அப்பாவின் முகம் பருத்துப்போய்த் தெரிந்ததென்றும், அவரை அப்படிப் பார்க்க மனம் ஒப்பாமல் அணைத்துவிட்டாய் என்றும் எழுதியிருந்தாய். படித்ததும் எனக்கும் சங்கடமாக இருந்தது. ஆனால் டிவிடியும் பழுதில்லை, பெட்டியும் பழுதில்லை.

அந்த வீடியோ 4:3 சட்டத்தில், அதாவது அகலம் நான்கு பங்கு, உயரம் மூன்று பங்கு என்ற வடிவில் எடுக்கப்பட்டது. உன் புதிய திரையோ 16:9. சிறிய சட்டத்தை இழுத்துத் திரை முழுதும் நிரப்புவதால்தான் முகங்கள் பக்கவாட்டில் பருக்கின்றன. ரிமோட்டில் பட அளவை மாற்றும் பொத்தானை அழுத்தி 4:3 என்று வை. இரண்டு பக்கமும் கறுப்பாக நிற்கும், நிற்கட்டும். அப்பா தம் முகத்தோடு வருவார்.

சினிமா டிவிடிகளின் சங்கதி வேறு. தங்கம் தியேட்டர் இருந்த காலத்துச் சினிமாஸ்கோப்பை நினைத்துக்கொள். அகலமான காட்சியை லென்ஸால் பக்கவாட்டில் நெருக்கிப் பிலிமில் பதிவார்கள். புரொஜெக்டரின் லென்ஸ் அதை மறுபடி விரித்துக் காட்டும். 1973-இல் தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமாக 'ராஜராஜ சோழன்' வந்ததும் இந்த முறையில்தான். டிவிடியிலும் ஏறக்குறைய அதே வேலைதான் நடக்கிறது: நம் நாட்டில் வழங்கும் 'பால்' (PAL) என்னும் வீடியோ முறையில் 720 புள்ளி அகலமும் 576 கோடு உயரமும் கொண்ட ஒரே சட்டத்துக்குள் 16:9 படத்தை நெருக்கி வைத்திருக்கிறார்கள். அதைத் தொலைக்காட்சி ஒரு முறை, ஒரே ஒரு முறை, விரிக்க வேண்டும்.

அதற்குப் பிளேயரின் செட்டப் மெனுவில் 'டிவி வகை' என்னும் இடத்தில் 16:9 என்று குறித்துவிட்டு, தொலைக்காட்சியையும் அகல நிலையில் வை. என் பிளேயர் வெகுநாள் '4:3 லெட்டர்பாக்ஸ்' என்றே கிடந்தது. அந்த நிலையில் பிளேயர் 576 கோடுகளை 432 ஆகக் குறைத்து, மேலும் கீழும் கறுப்புப் பட்டை சேர்த்து அனுப்பும். அதைத் தொலைக்காட்சி மீண்டும் பக்கவாட்டில் இழுக்கும். படத்தின் கூர்மையும் போய், ஆட்களும் குட்டையாகிவிடுவார்கள். அத்தனை நாளும் அப்படிப் பார்த்ததை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

சரிபார்க்க எளிய வழி உண்டு. ஏதாவது ஒரு படத்தில் மாட்டுவண்டிச் சக்கரம் நேர்ப்பக்கமாக வரும் இடத்தில் நிறுத்தி, அளவுகோலால் அகலத்தையும் உயரத்தையும் அள. இரண்டும் ஒன்றாக இருந்தால் சரி. சக்கரம் நெட்டையாக இருந்தால் தொலைக்காட்சி விரிக்கவில்லை என்று பொருள். படுத்தவாக்கில் பரந்திருந்தால் விரிக்கக் கூடாததை விரிக்கிறது.

எல்லாம் சரியான பிறகும் ஸ்கோப் படங்களில் மேலும் கீழும் கறுப்பு இருக்கும். அந்தப் படத்தின் வடிவம் 2.35:1, ஆகவே 16:9 திரையின் உயரத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு கறுப்பாகத்தான் நிற்கும். அதை ஒழிக்க, படத்தைப் பெரிதாக்கும் ஜூம் பொத்தானைப் போடாதே. போட்டால் அதே அளவு படம் இருபுறமும் வெட்டுப்பட்டு, ஓரத்தில் நிற்பவர்கள் காணாமல் போவார்கள். நான்கு பக்கமும் கறுப்புச் சூழ வரும் சில பழைய டிவிடிகளுக்கு மட்டும் ஜூம் பொருத்தம்.

பிளேயரை எச்டிஎம்ஐ (HDMI) வயரில் இணைத்திருந்தால், கல்யாண டிவிடிக்குத் தொலைக்காட்சியின் 4:3 பொத்தான் கேட்காமல் போகலாம். அப்போது பக்கக் கறுப்பைப் பிளேயரே சேர்க்கும்படி அதன் மெனுவில் மாற்ற வேண்டும். அங்கும் வழி இல்லையென்றால் சிவப்பு, வெள்ளை, மஞ்சள் வயரையே மாட்டிக்கொள். அந்தப் பழைய வீடியோவுக்கு அது போதும்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்