கீழக்கரை வீட்டுக்குப் பாத்திர ஸ்டாண்டு

மண்டபம்
ஆனி மாதம்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்குக் கட்டும் வீட்டில் பூச்சு வேலை முடிந்து, டைல்ஸ் ஒட்ட ஆள் வரப்போகிறது என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. இங்கே எல்லாரும் சுகம். ஜூன் 14-ஆம் தேதியோடு மீன்பிடித் தடைக்காலம் முடிந்தது. 61 நாள் கரையில் கட்டிக் கிடந்த விசைப்படகுகள் கடலுக்குப் போய்விட்டன. மீன் வரத்து நன்றாக இருக்கிறது, எங்கள் வீட்டில் மண்சட்டிக்கு ஓய்வே இல்லை.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். புது வீட்டுக்குப் பாத்திர ஸ்டாண்டு எது வாங்கலாம், சுவரில் மாட்டுவதா மேடையில் வைப்பதா என்று கேட்டுவிட்டு, "இதற்கெல்லாம் போய் உன்னைத் தொந்தரவு பண்ணுகிறேன்" என்றும் எழுதியிருக்கிறாய். அப்படி நினைக்காதே. கல்யாணமாகி வரும் பிள்ளை மூன்று வேளையும் கை வைக்கிற சாமான் இது. டைல்ஸ் ஒட்டுமுன் கேட்டாயே, அதுவே பெரிய நல்லது.

நம் கரையில் ஸ்டாண்டு வாங்கும்போது பளபளப்பைப் பார்க்கக் கூடாது. அதில் தண்ணீர் எங்கெங்கே தங்கும் என்றுதான் பார்க்க வேண்டும். மதுரையிலும் கோயம்புத்தூரிலும் ஓடுகிற ஸ்டாண்டு இங்கே ஓடாது. புதுப் பாம்பன் பாலம் 2025 ஏப்ரலில் திறந்தார்களே, அதில் கான்கிரீட்டுக்குள் ஸ்டெயின்லெஸ் கம்பி போட்டு, மேலே இருக்கும் இரும்புக்குப் பாலிசிலாக்சேன் என்ற தனிப் பூச்சு அடித்திருக்கிறார்கள். 1914-இல் திறந்த பழைய பாலத்தை இந்த உப்புக்காற்று படுத்திய பாடு ஊரறிந்தது. அதே காற்றுதான் அடுப்படிச் சன்னல் வழியாகவும் வருகிறது.

தங்கச்சிமடத்தில் என் அண்ணி வீட்டில் பார்த்ததைச் சொல்கிறேன். வெளியூர்க் கடையில் எவர்சில்வர் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். கம்பியெல்லாம் இன்னும் கண்ணாடியாக மின்னுகிறது. ஆனால் தட்டைத் தாங்கும் வளைந்த கம்பி குறுக்குக் கம்பியோடு ஒட்டும் ஒவ்வொரு இடத்திலும் கடுகளவு பழுப்புப் புள்ளி. விரலால் தடவினால் சொரசொரவென்று இருக்கிறது. கழுவிக் கவிழ்த்த வெள்ளைப் பீங்கான் தட்டின் விளிம்பில் அந்தப் பழுப்பு கோடாக இறங்கியிருக்கிறது. அண்ணி புளி போட்டுத் தேய்ப்பார், போகும், அடுத்த வாரம் திரும்ப வந்துவிடும்.

காரணம் இதுதான். எவர்சில்வர் என்பதும் இரும்புதான். அதில் கலந்திருக்கும் குரோமியம் மேலே கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் போட்டுத் துருவைத் தடுக்கிறது. உப்பிலுள்ள குளோரைடு அந்தப் படலத்தை அங்கங்கே துளைத்துவிடும். பற்றவைத்த இடத்தில் சூடு பட்டுப் படலம் ஏற்கெனவே நலிந்திருக்கும், அதனால் துரு அங்கேதான் முதலில் தலைகாட்டும். போதாக்குறைக்கு, படிந்த உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். துடைத்து வைத்தாலும் காயாது.

எவர்சில்வரிலும் எண் போட்டுச் சொல்லும் ரகம் உண்டு. மலிவாக வருவது பெரும்பாலும் 202. நிக்கலைக் குறைத்து மாங்கனீஸ் சேர்த்தது. 304-இல் குரோமியம் சுமார் 18 சதவீதம், நிக்கல் 8 சதவீதம். 316-இல் மாலிப்டினமும் சேரும், கடற்கரைக்கு அதுதான் கெட்டி. ஆனால் வீட்டு ஸ்டாண்டில் 316 கேட்டால் கடையில் கிடைப்பது அரிது, விலையும் கடிக்கும். 304 வாங்கு, வாரம் ஒரு முறை நல்ல தண்ணீர் ஊற்றித் துடை, போதும். கடைக்காரர் காந்தம் வைத்துக் காட்டி, "பாருங்கம்மா, ஒட்டலை, அசல்" என்பார். 202-இலும் காந்தம் ஒட்டாது, 304-இலும் ஒட்டாது. முலாம் பூசிய இரும்பை ஒதுக்க மட்டும் அந்தச் சோதனை உதவும். பில்லில் 304 என்று எழுதி வாங்கிக்கொள்.

அப்புறம் கம்பியைப் பார். குழாயில் செய்த சட்டம் வேண்டாம். முனையில் ரப்பர் மூடி இருக்கும், அதற்குள் நீர் புகுந்தால் வெளியே வர வழியில்லை, உள்ளேயிருந்தே அரித்துவிடும். உருட்டுக் கம்பியாக, ஒட்டு குறைவாக இருப்பதை எடு. பிளாஸ்டிக் பூசிய இரும்புக் கம்பி ஸ்டாண்டு பக்கமே போகாதே, பூச்சு ஓர் இடத்தில் வெடித்தால் முடிந்தது. மூங்கில் பார்க்க அழகு, ஐப்பசி கார்த்திகையில் பூஞ்சை பிடிக்கும். கெட்டியான பிளாஸ்டிக் கூடையை நான் குறை சொல்ல மாட்டேன். துருப்பிடிக்காது, வெயில் படாமல் வைத்தால் நாள்பட உழைக்கும். தம்ளர், கரண்டிக்கு ஒன்று வாங்கி சிங்க் பக்கத்தில் வைத்துக்கொள்.

சுவரிலா மேடையிலா என்றால், தட்டுகளுக்குச் சுவர்தான் என் கட்சி. சிங்க்குக்கு நேர் மேலே மாட்டினால் சொட்டும் தண்ணீர் சிங்க்கிலேயே விழும், அடியில் ட்ரே தேவையில்லை. எனக்கு அந்த ட்ரேயே ஆகாது. டெங்கு பரப்பும் கொசு அதுபோன்ற தெளிந்த தண்ணீரைத் தேடித்தான் வரும். முட்டையை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஓரத்தில் ஒட்டவைக்கும். தண்ணீரைக் கொட்டிவிட்டால் மட்டும் முட்டை போகாது, காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும். ட்ரே வைத்தே ஆகவேண்டுமென்றால் வாரத்துக்கு ஒரு முறையாவது ஓரத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். புதுப்பெண்ணுக்கு அந்த வேலையை ஏன் வைப்பானேன்?

சமையலறையில் தெற்கே ஒரு சன்னல், கிழக்கே ஒரு சன்னல் என்று எழுதியிருந்தாய். கீழக்கரைக்குக் கடல் தெற்கே. ஆனி, ஆடியில் அடிக்கிற காற்று நேரே தெற்குச் சன்னலில் நுழையும். ஆகவே சிங்க்கும் ஸ்டாண்டும் கிழக்குச் சன்னல் பக்கம் வரட்டும். காற்று இல்லாத மூலையும் ஆகாது, அடுப்புக்கு மேலே வைத்தால் எண்ணெய்ப் புகை படிந்து தட்டெல்லாம் பிசுக்கேறும்.

மாட்டும் திருகாணியும் ஸ்டெயின்லெஸ் ஆகவே இருக்கட்டும். இரும்புத் திருகாணி போட்டால் துரு புது டைல்ஸில் கண்ணீராக வழியும். எந்த உயரம் என்று இப்போதே கொத்தனாரிடம் சொல்லிக் குறித்துவிடு. மகள் கை எட்டும் உயரம் வேண்டும், உன் உயரத்துக்குக் குறிக்காதே.

தண்ணீர் விஷயம் ஒன்று. உங்கள் பக்கமும் ஆழ்துளைப் போரில் உப்புத் தண்ணீர்தானே. அதில் கழுவி அப்படியே கவிழ்த்தால் காய்ந்ததும் வெள்ளைத் திட்டு நிற்கும், அந்த உப்பு கம்பியிலும் இறங்கும். போர்த் தண்ணீரில் தேய்த்துக் கழுவு, கடைசி அலசல் மட்டும் குழாயில் வரும் காவிரித் தண்ணீரில் ஒரு சட்டியில் முக்கி எடுத்தால் போதும், அதிகம் செலவாகாது. ஸ்டாண்டைக் கம்பி நாரால் தேய்க்கச் சொல்லாதே, நாரின் இரும்புத் துகள் ஒட்டிக்கொண்டு அதுவே துருவாகும். பிளீச்சிங் பவுடரும் கூடாது.

மண்சட்டிக்கு ஸ்டாண்டில் இடம் தேடவேண்டாம். அது ஈரத்தை உள்ளே குடித்து வைத்திருக்கும், நெருக்கி வைத்தால் வாடை வந்துவிடும். சன்னல் திட்டில் தனியாகச் சாய்த்து வை.

அளவு பற்றித்தான் கவலையாக இருக்கிறது. கடையில் விற்கும் ஸ்டாண்டெல்லாம் சாதாரணச் சாப்பாட்டுத் தட்டுக்குச் செய்தவை. பலர் சுற்றி உட்கார்ந்து சேர்ந்து சாப்பிடும் உங்கள் வீட்டுப் பெரிய சகன் தட்டு அதில் நிற்காது, நின்றாலும் முன்னால் சாயும். கீழ் அடுக்கு அகலமாக உள்ள ஸ்டாண்டைப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் பட்டறையில் சொல்லிச் செய்ய வேண்டும். செய்வதாக இருந்தால் 304 கம்பிதானா என்று முதலில் கேட்டுக்கொள்.

ராமநாதபுரம் கடைக்கு எந்த நாள் போகிறாய் என்று எழுது, நானும் பஸ் ஏறி வந்துவிடுகிறேன். சகன் தட்டில் ஒன்றையும் சுவர் அளவு குறித்த சீட்டையும் பையில் எடுத்து வா. கடையிலேயே வைத்துப் பார்த்து வாங்கலாம். மகளுக்கு என் அன்பைச் சொல். மாப்பிள்ளை வெளிநாட்டிலிருந்து எப்போது வருகிறார்?

அன்புடன்,
உன் மண்டபத்துத் தோழி