ஆபத்துச் சரிவு

அன்புள்ள சண்முகம்,

நான்கு மாதமாக எழுதாததற்கு என்னைத் திட்டிக்கொண்டிருப்பாய். விழித்திரை அறுவைக்குப் பின் இரண்டு வாரம் குப்புறவே கிடந்தேன். இப்போது எழுத்து தெரிகிறது. முதல் கடிதம் உனக்குத்தான். கமலா நலம். மாவடு வந்து சேர்ந்தது.

குப்புறக் கிடந்த நாட்களில் பேத்தி அண்டார்க்டிகாவைப் பற்றி வாசித்துக் காட்டினாள். அதில் ஓர் இடம் என் மனத்தை விட்டு அகலவில்லை. ராஸ் தீவில் எரெபஸ் எரிமலையின் அடிவாரத்திலிருந்து தென்மேற்கே நீளும் ஹட் பாயின்ட் தீபகற்பம். நீளம் சுமார் 24 கிலோமீட்டர். அகலம் மூன்றிலிருந்து ஐந்து. அந்த நாளில் நாம் சைக்கிளில் ஒரே காலையில் போய்வந்த தூரம்!

1902இல் பிரிட்டிஷ் ஆய்வுப்பயணி ஸ்காட்டின் ஆட்கள் அதன் முனையில் ஒரு மரக்குடிலை எழுப்பினார்கள். ஆஸ்திரேலியாவில் வாங்கியது, வெயில் தேசத்து வீடுபோல மூன்று பக்கமும் தாழ்வாரம். குளிருக்கு ஒத்துவராததால் டிஸ்கவரி கப்பலிலேயே தங்கினார்கள். ஆனாலும் ஹட் என்றால் குடில்; அந்தக் குடில்தான் முனைக்குப் பெயர் தந்தது, முனை தீபகற்பத்துக்குத் தந்தது. பெயர் வைப்பவன் ஆள வந்தவன் என்று மேசையைத் தட்டுவாயே, இங்கே நீ தோற்கிறாய்! நியூசிலாந்தின் ஸ்காட் தளம் 1957 முதல் நிற்கும் இடம் பிராம் பாயின்ட். பிராம் என்றால் சிறு படகு; கோடையில் அங்கிருந்து பனித்தட்டுக்குக் கடக்க அது வேண்டியிருந்தது. ஆர்மிட்டேஜ் முனை மட்டும் ஓர் அதிகாரியின் பெயர். அதை உனக்கு விட்டுத்தருகிறேன்.

இனி விளையாட்டில்லை. 1902 மார்ச் 11 அன்று பனிப்புயலில் ஜார்ஜ் வின்ஸ் என்ற மாலுமி அங்கே ஒரு சரிவில் சறுக்கிக் கடலில் விழுந்தான். உடல் கிடைக்கவே இல்லை. அதே புயலில் தொலைந்த ஹேர் என்ற இளைஞன் பனிக்குள் புதைந்து உறங்கி, இரண்டு நாள் கழித்துத் தானே நடந்து வந்துவிட்டான். வின்ஸுக்குக் குடிலருகே ஒரு சிலுவை இருக்கிறது. சரிவின் பெயரோ ஆபத்துச் சரிவு.

“சரிவுக்கும் அவர் பெயரையே வைத்திருக்கலாமே தாத்தா” என்றாள் பேத்தி. வின்ஸ் என்று வைத்தால் பின்னால் வருபவனுக்கு அது வெறும் பெயர், ஆபத்து என்றால் கால் தயங்கும் என்றேன். சொல்லி முடிப்பதற்குள் சேகர் நினைவு வந்துவிட்டது. அந்த மடுவை ஊரில் இன்றும் ‘ஆழப் பக்கம்’ என்று சாதாரணமாகத்தான் சொல்கிறார்கள். பிள்ளைகள் இன்னும் அங்கே குதிக்கிறார்கள்.

சித்திரையில் நீ ஊருக்குப் போவாய் அல்லவா? தலைவரிடம் பேசி அங்கே ஒரு பலகை வைக்கச் சொல். செலவு என்னுடையது. சேகர் பெயர் வேண்டாம். ஆபத்து என்று பெரிதாக எழுதட்டும்.

உன்,
ராமு