சட்டி அடித்தவர் பெயர் என்ன?

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்னையின் சுயாதீன இசைக்குழுக்கள் குறித்து ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் தென்மாவின் மெட்ராஸ் ரெக்கார்ட்ஸும் சேர்ந்து உருவாக்கிய ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவைப் பாராட்டியிருந்தீர்கள். சரிதான். ஆனால் பாடகர்களோடு நின்றுவிட்டீர்கள். கானாவும் ராப்பும் ராக்கும் அங்கே ஒட்டி நிற்பதற்குக் காரணம், கிடாருக்கும் டிரம்ஸுக்கும் பக்கத்திலேயே பறை, கட்ட மோளம், சட்டி என்ற தாள வாத்தியங்களும் ஒலிப்பதுதான்.

2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் நடந்த அவர்களின் முதல் நிகழ்ச்சிக்குப் போயிருந்தேன். எங்கள் தெருவில் சாவு வீட்டில் மட்டுமே கேட்டுப் பழகிய சட்டிச் சத்தத்துக்கு அன்று கூட்டமே எழுந்து ஆடியது (என் காலும் சும்மா இருக்கவில்லை). அதை அடித்தவரின் பெயரைக் கட்டுரையிலாவது பார்க்கலாம் என்று தேடினேன், இல்லை. பாட்டுக் கேட்கும் செயலிகளிலும் பெரும்பாலும் பாடியவர், இசையமைத்தவர் பெயரோடு சரி. சுயாதீன நிறுவனங்கள் ஒவ்வொரு பாடலுக்கும் வாத்தியக் கலைஞர்களின் முழுப் பட்டியலை வெளியிட வேண்டும். தாங்களும் இசை விமர்சனங்களில் அந்தப் பெயர்களுக்கு இரண்டு வரி ஒதுக்கலாம்.

– ஒரு வாசகர், வியாசர்பாடி, சென்னை