ஹிகோனோகாமி என்று விற்ற மடக்குக் கத்தி: தவறான விவரமும் ஆபத்தான பராமரிப்பு அட்டையும்

பெறுநர்: வாடிக்கையாளர் குறைதீர்ப்பு அலுவலர்

பொருள்: பணத்தைத் திரும்பக் கோருதல், விற்பனைப் பக்கத்தைத் திருத்தக் கோருதல்

ஐயா / அம்மையீர்,

"ஜப்பானிய ஹிகோனோகாமி, மூன்றடுக்கு அவோகாமி எஃகு, பித்தளைப் பிடி, பூட்டு வசதி" என்று போட்டு நீங்கள் விற்ற கத்தியைப் பற்றியது இந்தப் புகார். இதில் பித்தளைப் பிடி ஒன்றுதான் உண்மை.

அவோகாமி என்பது டங்ஸ்டன் சேர்த்த உயர்கார்பன் எஃகு. அதில் துருவைத் தடுக்கும் குரோமியம் அரை சதவீதம்கூடத் தாண்டாது. துருப்பிடிக்காத எஃகு என்றால் 10.5 சதவீதமாவது இருக்க வேண்டும். அலகிலுள்ள எண்ணெயை ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு எலுமிச்சைத் துண்டைக் கால் மணி நேரம் வைத்தால், நிஜ அவோகாமியில் சாம்பல் கறை விழுந்தே தீரும். நீங்கள் அனுப்பிய அலகில் பளபளப்பு அப்படியே இருக்கிறது. "காந்தம் ஒட்டுகிறதே, கார்பன் எஃகுதான்" என்று உங்கள் உதவி மையம் பதில் தந்தது. கத்திக்குப் பயன்படும் துருப்பிடிக்காத எஃகிலும் காந்தம் ஒட்டும். அது எதையும் நிரூபிக்காது.

மூன்றடுக்கு என்பதும் இல்லை. மென்மையான இரும்புக்கு நடுவே கடின எஃகைச் செருகிக் காய்ச்சி அடித்த அலகை 1000 எண் தீட்டுக்கல்லில் தேய்த்தால், வெளி இரும்பு மங்கியும் வெட்டும் விளிம்பு மின்னியும் இரண்டாகப் பிரிந்து தெரியும். இதில் முழுக்க ஒரே நிறம். ஹிகோனோகாமி என்பது ஜப்பானின் ஹியோகோ மாநிலம் மிகி நகரத்துப் பதிவு பெற்ற வணிகப்பெயர். இன்று அதற்கு உரிமையுள்ள பட்டறை ஒன்றே ஒன்று. பிடித் தகட்டில் பெயரும் எஃகு வகையும் ஜப்பானிய எழுத்தில் அடித்திருக்கும். உங்கள் கத்தியில் வெறும் தகடு.

அலகு லேசாக ஆடுவதையும் ஒரு பக்கம் உரசுவதையும் நான் குறையாகச் சொல்லவில்லை. மடித்த தகடு, அலகு, வாஷர், இவற்றை இணைக்கும் ரிவெட் ஆணி அவ்வளவுதான் இந்தக் கத்தி. அசல் பொருளிலும் ஆட்டம் இருக்கும்.

பொறுக்க முடியாதது "பூட்டு வசதி" என்ற வரி. ஹிகோனோகாமியில் பூட்டே கிடையாது. அலகின் வாலாக வெளியே நீளும் நாக்கைப் பிடியோடு சேர்த்துக் கட்டைவிரலால் அழுத்தினால்தான் அலகு திறந்து நிற்கும். விரலை எடுத்துவிட்டுக் குத்தினாலோ முதுகுப்பக்கம் அழுத்தினாலோ பிடித்திருக்கும் விரல்கள் மீதே மடங்கும். பூட்டு இருக்கிறது என்று நம்புகிறவர் கட்டைவிரலை அங்கே வைக்கவே மாட்டார்.

பராமரிப்பு அட்டையை எழுதியவர் இந்தக் கத்தியைப் பார்த்ததே இல்லை போலும். "தளர்ந்தால் திருகை முடுக்கவும்" என்கிறது. திருகு எங்கே இருக்கிறது? இரும்புக் கட்டை மேல் வைத்து ரிவெட் தலையைச் சிறு சுத்தியலால் மெல்லத் தட்டி, ஒவ்வொரு தட்டுக்கும் திறந்து மூடிப் பார்க்க வேண்டும். ஓங்கி அடித்தால் அலகு சிக்கிக்கொள்ளும்.

"சமையல் எண்ணெய் தடவவும்" என்பதும் தவறு. அது நாளாக ஆகப் பிசுபிசுத்து மூட்டில் பசையாகிவிடும். கமேலியா எண்ணெயோ மினரல் ஆயிலோ ஒரு துளி போதும். "மின்சாணையில் தீட்டவும்" என்பது இன்னும் மோசம். மெல்லிய விளிம்பு நொடியில் சூடேறிக் கடினத்தை இழந்துவிடும். நனைத்த 1000 எண் கல்லில் அலகின் விளிம்பை நோக்கிச் சாயும் சரிவு முழுவதும் படியும்படி வைத்து, முதுகைத் தூக்காமல் தேய்த்து, பிறகு 3000 எண் கல்லில் முடிப்பதே முறை. விளிம்பு பொடிந்தால் மட்டும் கடைசியில் இரண்டு மூன்று இழுப்புக்குச் சற்றே தூக்கலாம்.

என் கோரிக்கைகள்: முழுப் பணமும் திருப்பி அனுப்பும் செலவும் தர வேண்டும். "பூட்டு வசதி", "ஹிகோனோகாமி", "அவோகாமி" என்ற சொற்களை விற்பனைப் பக்கத்திலிருந்து இன்றே நீக்க வேண்டும். ஏற்கெனவே வாங்கியவர்கள் எல்லோருக்கும் பூட்டு இல்லை என்ற எச்சரிக்கையை அனுப்ப வேண்டும். பணம் தாமதமானாலும் எச்சரிக்கை தாமதமாகக் கூடாது. 15 நாட்களுக்குள் எழுத்துமூலம் பதில் வராவிட்டால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு செய்வேன்.

இணைப்பு: ரசீது நகல், விற்பனைப் பக்கத்தின் படம், கல்லில் தேய்த்த பின் எடுத்த அலகின் படங்கள், பராமரிப்பு அட்டை.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்