பையனோட ஈகிள் விழாவுக்கு தோள் கொடுத்தவங்களுக்கு

எல்லாருக்கும் வணக்கம். போன சனிக்கிழமை டெக்ஸாஸ் பிளேனோல எங்க பெரியவனோட ஈகிள் ஸ்கவுட் (இங்க சாரணர்ல இருக்கற உச்ச பட்டம்) விழா நல்லபடியா முடிஞ்சுது. ஆளாளுக்கு தனியா நன்றி சொல்ல உட்கார்ந்தா தீபாவளி வந்துடும், அதான் பொதுவா இங்கயே எழுதிடறேன்.

முதல்ல ஸ்கவுட்மாஸ்டருக்கு. போர்ட் ஆஃப் ரிவ்யூங்கற கடைசி நேர்காணல்ல பாஸ் ஆன தேதியில இருந்தே பையன் ஈகிள்தான், விழாவை உங்க வசதிக்கு எப்ப வேணா வெச்சுக்கலாம்னு அவர் சொன்னதுக்கப்புறம்தான் எங்கப்பா அம்மா மன்னார்குடில இருந்து வர்ற வரைக்கும் காத்திருக்கலாம்னு தைரியம் வந்துச்சு. காலை பத்து மணிக்கு வெச்சதுக்கும் அவருக்குத்தான் நன்றி, ஊர்ல அப்ப ராத்திரி எட்டரை, எல்லாரும் சாப்ட்டுட்டு ஜூம்ல உட்கார்ந்துட்டாங்க. ஹாலை காசு வாங்காம கொடுத்த சர்ச்சுக்கும் நன்றி.

நான் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன். சொந்தக்காரங்களை வரிசையா உட்கார வெச்சு கை தட்ட மட்டும் விடாதீங்க, ஆளுக்கு ஒரு வேலை கொடுங்கன்னு. வழக்கமா ட்ரூப் (ஸ்கவுட் குழு) பசங்களே எல்லாத்தையும் செய்வாங்க, இருந்தாலும் கமிட்டில யாரும் முகம் சுளிக்கல.

ஸ்கவுட் சட்டத்துல 12 குணம், அதுக்கு 12 மெழுகுவத்தி. பாதியை ட்ரூப் பசங்க ஏத்தினாங்க, மீதியை எங்க வீட்டு ஆளுங்க. எங்கம்மா குத்துவிளக்கு ஏத்துற மாதிரியே செருப்பை கழட்டிட்டு போய் ஏத்தினாங்க, அதை பார்த்து அடுத்து வந்த அமெரிக்க பையனும் ஷூவை கழட்டினான் பாருங்க, ஹால்ல ஒரே சிரிப்பு. கப் ஸ்கவுட்ல (சின்ன பசங்களுக்கான ஸ்கவுட்) இருக்கற சின்னவ கொடி பிடிச்சு நடந்தா. ஃபேமிலி லைஃப் பேட்ஜுக்காக அண்ணன் 90 நாள் வீட்டு வேலை செஞ்சப்போ பாத்திரத்துல பிசுக்கு இருக்கான்னு தடவி பார்த்து டிக் போட்டவ அவதான், அதனால ஈகிளுக்கு வேண்டிய 21 பேட்ஜுல ஒண்ணுல தனக்கும் பங்கு இருக்குன்னு இன்னும் சொல்லிக்கிட்டு திரியறா.

ஈகிள் ஸ்கார்ஃபை கழுத்துல போட்டது என் தம்பி. காதுகுத்துக்கு மடியில உட்கார வெச்சுக்கிட்ட தாய்மாமன், இதையும் அவன்தான் செய்யணும்னு பையனே சொல்லிட்டான். சியாட்டில்ல இருந்து ராத்திரி ஃப்ளைட் பிடிச்சு வந்து, தூக்கமில்லாத கண்ணோட, மூணு தடவை முடிச்சு போட்டு அவுத்து... நன்றிடா தம்பி.

மெடலை நான் பையனுக்கு குத்தணும், அப்புறம் அம்மா பின்னை அவன் எனக்கு குத்தணும். பட்டுப்புடவைல பின் குத்தினா கிழிஞ்சுடுமேன்னு எனக்கு முந்தின நாள் பூரா அதே கவலை. ஹூஸ்டன்ல இருந்து வந்த நாத்தனார் சத்தமே இல்லாம தோள் மடிப்புக்கு உள்பக்கம் ஒரு துண்டு துணி வெச்சு தச்சு கொடுத்துட்டாங்க. பட்டு கட்டற அம்மாக்களுக்கெல்லாம் சொல்றேன், இதை கண்டிப்பா செஞ்சுக்கோங்க.

தனக்கு வழிகாட்டினவங்களுக்கு பையன் கொடுக்கற மென்டர் பின் யாருக்குன்னு கடைசி வரைக்கும் எங்களுக்கும் தெரியாது. ஒண்ணு ஸ்கவுட்மாஸ்டருக்கு. இன்னொண்ணு எங்கப்பாவுக்கு! லீவுக்கு ஊருக்கு போறப்பல்லாம் கிணத்தடில வாளிக் கயிறை வெச்சு முடிச்சு போட சொல்லி கொடுத்தது தாத்தாதான்னு மைக்ல சொன்னான். ஸ்கவுட்மாஸ்டர் வந்து எங்கப்பாவுக்கு இடது கையை நீட்டினார், ஸ்கவுட் வழக்கம் அதுதானே. எங்கம்மாவுக்கு பகீர்னு ஆயிடுச்சு, "என்னடி இது, பெரியவர்னு கூட பாக்காம இடது கையை நீட்டறாரு"ன்னு என் காதுல முணுமுணுத்தாங்க. எங்கப்பாவும் பள்ளிக்கூடத்துல சாரணர் படையில இருந்தவர்தான், யோசிக்கவே இல்ல, தன் இடது கையை கொடுத்து குலுக்கினார். அதுக்கப்புறம் அன்னைக்கு பூரா எங்கம்மாவுக்கு பாடம் எடுத்தது தனிக்கதை.

ஈகிளுக்காக பையன் எடுத்துக்கிட்ட சேவை ப்ராஜெக்ட்ல, கோவில்ல செருப்பு ரேக் செய்ய வந்த எல்லாருக்கும் பெரிய நன்றி. 18 வயசுக்கு கீழ யாரும் சர்க்குலர் சா (மின் ரம்பம்) தொடக்கூடாதுன்னு ரூல், அதனால பலகை அறுத்தது பூரா எங்க வீட்டுக்காரரும் அவர் நண்பர்களும். ஆனா வேலையை நடத்த வேண்டியது பையன், பெத்தவங்க இல்ல. இவர் சும்மா இருக்கற ஆளா என்ன, பையன் "அப்பா, நான் சொன்ன அளவுக்கு மட்டும் அறுங்க போதும்"னு சொன்னப்போ வாயை மூடிக்கிட்டு அறுத்த பொறுமைக்காக இவருக்கும் ஒரு நன்றி போட்டு வைக்கிறேன்.

கோயம்புத்தூர் கொழுந்தனாருக்கும் சொல்லணும். ஈகிள் ஆன பசங்களுக்கு அமெரிக்க காங்கிரஸ் (இங்கத்த பார்லிமென்ட்) மெம்பர் ஆபீஸ்ல இருந்தெல்லாம் வாழ்த்து லெட்டர் கேட்டு வாங்குறது இங்க வழக்கம். நாங்களும் வாங்கினோம், அழகான லெட்டர்ஹெட், உள்ள எல்லாருக்கும் போற அதே நாலு வரி. இவர் என்னடான்னா ஊர்ல இருக்கற சொந்தம் ஒருத்தர் விடாம கையால எழுத வெச்சு ஆல்பமா கட்டி அனுப்பிட்டார். பெரியத்தை எழுதினதை படிச்சுட்டு பையன் ரூமுக்குள்ள போய் கதவை சாத்திக்கிட்டான்.

சாம்பார் சாதம், தயிர் சாதம், வடைன்னு சமைச்சு கொண்டு வந்த தோழிகளுக்கு கோடி நன்றி, வடை முதல்ல காலி. யார் பேராவது விட்டுப்போயிருந்தா கோச்சுக்காம ஒரு போன் போட்டு திட்டிடுங்க. அப்புறம் ஒரு பெரிய எவர்சில்வர் அண்டாவும் ரெண்டு கரண்டியும் எங்க கராஜ்ல இருக்கு, யாரோடதுன்னு தெரியல, ஞாயித்துக்கிழமைக்குள்ள வந்து எடுத்துக்கோங்க.