ஏசி பெட்டியையும் வரையுங்கள்

ஞாயிறு காலைகளில் புதுச்சேரித் தெருக்களில் மடக்கு நாற்காலி போட்டு வரையும் ஓவியர்களுக்கு,

வணக்கம். பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, தமிழர் பகுதியில் நான் பிறந்த வீடு இப்போது தங்கும் விடுதி. விற்றதில் எனக்கு வருத்தமில்லை. வைத்திருந்தால் எங்கள் கையிலேயே இடிந்து விழுந்திருக்கும். போன மாதம் உறவினர் ஒருவருக்கு அறை கேட்கப் போனேன். வரவேற்பு மேசைக்குப் பின்னால் அந்த வீட்டின் நீர்வண்ண ஓவியம் மாட்டியிருந்தது. உங்களில் யாரோ வரைந்ததுதான். தாழ்வாரத்து மரத்தூண்களின் நிழல் அப்படியே விழுந்திருந்தது, கைராசிக்காரர்! ஆனால் விடுதியின் பெயர்ப்பலகையைக் காணோம். ஏசி பெட்டி, மின்கம்பி, காவலாளியின் பிளாஸ்டிக் நாற்காலி எதுவுமே இல்லை. திண்ணையில் மட்டும் ஒரு பூனை தூங்குகிறது. எங்கள் வீட்டில் பூனையை அண்டவே விட்டதில்லை, பாட்டிக்கு ஆகாது.

அந்தத் திண்ணையின் சிவப்புத் தரையில் தாத்தா ஆணியால் கீறிய ஆடுபுலிக் கட்டம் இருக்கிறது. விருந்தினர் செருப்பு வைக்கும் அலமாரி இப்போது அதன்மேல் நிற்கிறது. முக்கோணத்தின் உச்சி மட்டும் அலமாரிக் காலுக்கு வெளியே தெரியும். என்னைக் கேட்டால் வரைய வேண்டிய இடம் அதுதான்.

கைமாறியும் வேலை மாறியும்தானே இந்த ஊரின் பழைய கட்டடங்கள் பிழைத்திருக்கின்றன? பாரதியார் குடியிருந்த வீடும் பாரதிதாசன் இல்லமும் அருங்காட்சியகங்கள். கடற்கரைச் சாலையில் காபி விற்கிற கட்டடம் ஒரு காலத்தில் துறைமுக அலுவலகம். வைசியாள் வீதியின் வீட்டு முகப்புகளைச் சீரமைத்ததற்கு யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருது 2008இல் கிடைத்தது. அதே வீதியை நீங்கள் வரைந்தால் ஆளே இல்லாத ஊர் போல இருக்கிறது.

பிரெஞ்சுக் காலத்து நகர மன்றமான மேரி கட்டடத்தையும் சொல்ல வேண்டும். 2014 நவம்பர் மழையில் அது சரிந்தது. பழைய தோற்றத்திலேயே மறுபடி கட்டி 2021இல் திறந்தார்கள். இன்று நீங்கள் பார்த்து வரைவது அந்தப் புதுக் கட்டடத்தை. படத்தை மட்டும் பழுப்பேற்றி, நூறு வருடத்துக்கு முந்தையது போலக் காட்டிவிடுகிறீர்கள். நாளை அதைப் பார்க்கிற பிள்ளைக்கு நடுவில் ஒரு கட்டடம் விழுந்தது எப்படித் தெரியும்?

பலகை இருந்தால் பலகையையும் வரையுங்கள். தாளின் பின்புறம் தேதியையும், முன்பு அது என்னவாக இருந்தது, இப்போது அங்கே என்ன நடக்கிறது என்பதையும் பென்சிலில் எழுதி வையுங்கள். இரண்டு வரி போதும்.

எங்கள் பழைய வீட்டுக்கு எதிரே உட்கார இடம் இருக்கிறது. காலை எட்டு மணிக்குள் வந்தால் வெயில் தெரு நெடுகச் சாய்ந்து விழும். காவலாளி நல்ல மனிதர். கேட்டால் செருப்பு அலமாரியைக் கொஞ்சம் நகர்த்திக் காட்டுவார். பார்த்துவிட்டு, பழையபடி வைத்தே வரையுங்கள்.

அன்புடன்,
அந்த வீட்டுப் பழைய ஆள்