செட் ஆகவில்லை என்றாயே

அன்புள்ள மகளே,

நானும் அம்மாவும் நலம். போனில் கேட்க வேண்டியதை எதற்குக் கடிதமாக எழுதுகிறேன் என்று நினைப்பாய். போனில் நான் இரண்டாவது வாக்கியத்தைத் தொடங்குவதற்குள் "சரிப்பா, டியூட்டிக்கு நேரமாகிவிட்டது" என்று வைத்துவிடுகிறாய். கடிதம் என்றால் பஸ்ஸில் போகும்போதாவது படிப்பாய்.

ஞாயிற்றுக்கிழமை மான்செஸ்டரிலிருந்து பேசியபோது, "இந்த ஊர் எனக்கு செட் ஆகவில்லை" என்றாய். அம்மா அதைக் கேட்டதும் மண்டைக்காட்டம்மனுக்கு நேர்ந்துகொண்டாள். எனக்கோ அந்த ஒரு சொல் காதைவிட்டுப் போகவில்லை. மழை பிடித்துக்கொண்டது, ஆர்டர் இல்லை, ஒலிபெருக்கிக் குழாய்கள் எல்லாம் பரண்மேல் கிடக்கின்றன. கையில் நேரம் கிடந்தால் அப்பா என்ன செய்வேன் என்று உனக்குத் தெரியும். அகராதியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

"செட்" எனக்குச் சோறு போட்ட சொல். ஊரில் இன்றைக்கும் நம் வீடு "மைக் செட்காரர் வீடு"தான். ஆம்ப்ளிஃபயர், மைக், ஸ்டாண்டு, குழாய், குழாயின் பின்னால் மரை திருகி மாட்டும் யூனிட், வயர்ச் சுருள் எல்லாம் சேர்ந்தால்தான் செட். குழாய் எத்தனை பெரியதாக இருந்தாலும், வயர் நுனியில் இருக்கும் விரல் நீளப் பின் ஒன்று இல்லையென்றால் கோயில் கொடைக்கு வந்த வில்லுப்பாட்டுக்காரர் வில்லைத் தட்டிக்கொண்டு சும்மா இருக்க வேண்டியதுதான். உப்புக்காற்றில் யூனிட்டின் மரை துருப்பிடித்துக் குழாயோடு இறுகிவிடும். தேங்காய் எண்ணெய் விட்டு ஊறவைத்து, துணியைச் சுற்றி, ஒருவர் குழாயைப் பிடிக்க இன்னொருவர் திருகினால்தான் கழன்று வரும். இதெல்லாம் வாடகை பேச வருகிறவருக்கு எதற்கு? "செட் எவ்வளவு?" என்று கேட்பதோடு அவர் வேலை முடிந்தது.

நீ நர்ஸாக இருக்கும் வார்டில் "ஒரு செட் ஆப்ஸ்" என்கிறார்களே, நோயாளியைப் பார்த்துக் குறிக்கும் "அப்சர்வேஷன்ஸ்", அதுவும் இந்தக் கணக்குத்தான். மூச்சு, ஆக்ஸிஜன், ரத்த அழுத்தம், நாடி, நினைவு நிலை, உடல் வெப்பம் என்று ஆறும் எடுத்தால்தான் நோயாளியின் நிலைக்கு மதிப்பெண் போட முடியும், ஐந்தோடு நிறுத்தினால் கணக்கில் வராது என்று நீதான் சொன்னாய். பாட்டி கட்டிய செட்டு முண்டும் அப்படியே. இடுப்பில் கட்ட முண்டு ஒன்று, மேலே போட நேரியது ஒன்று. 1956 நவம்பர் 1-ஆம் தேதி நம் ஊர் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்துவிட்டது. பாட்டி கடைசிவரை செட்டு முண்டிலேயே இருந்தாள். பம்ப் செட், டீ செட், பல் செட், சீரியல் செட் என்று நாம் வீடு முழுக்க நிரப்பி வைத்திருப்பதெல்லாம் இந்தத் தொகுப்பு வகைதான். பள்ளிக் கணக்கில் மட்டும் "கணம்" என்று அழகான பெயர் வைத்துவிட்டார்கள்.

சிமென்ட் செட் ஆவதும், எலும்பை செட் செய்வதும், அலாரம் செட் செய்வதும் வேறு வம்சம். ஆங்கிலத்தில் ஒரே எழுத்து, ஒரே ஒலிப்பு, ஆனால் வேர் இரண்டு. தொகுப்பைக் குறிக்கும் செட், பழைய பிரெஞ்சு வழியாக லத்தீன் "செக்டா"விலிருந்து வந்தது. ஒருவர் பின்னால் போகும் கூட்டம் என்ற பொருளில் புழங்கிய சொல் அது. வை, அமை என்னும் வினையான செட், பழைய ஆங்கிலத்தின் "செட்டன்". உட்காருவதைச் சொல்லும் "சிட்"டுக்கு இது பிறவினை. நம்மிடம் உருள், உருட்டு இல்லையா, அதைப் போல. பிறகு இரண்டு வேரும் பின்னிக்கொண்டு, எது எதிலிருந்து வந்தது என்று வெள்ளைக்காரனே யோசிக்காத அளவுக்கு ஒன்றாகிவிட்டன.

1989-இல் 20 தொகுதிகளாக வந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பில் இந்த மூன்றெழுத்துச் சொல்லுக்கு 430 பொருள்கள். அதைவிட நீளமான பதிவு அதில் வேறு எதற்கும் இல்லை. பிற்பாடு "ரன்" வந்து முந்திக்கொண்டது. வினையாக மட்டுமே அதற்கு 645. ஆகவே நீ மிரள வேண்டியது டாக்டர்கள் சொல்லும் நீளமான சொற்களைக் கேட்டு அல்ல. அவற்றுக்கு எங்கே போனாலும் ஒரே பொருள்தான், அதைப் படித்துத்தான் போயிருக்கிறாய். படுக்கையில் கிடக்கும் கிழவர் முணுமுணுக்கும் குட்டிச் சொற்கள்தான் ஆளைக் கவிழ்க்கும்.

அதிலும் இந்தச் சொல் காலத்துக்குக்கூட மாறாது. நேற்றும் செட், இன்றும் செட், செய்து முடித்ததும் செட். நீ குறிப்பேட்டில் எழுதும்போது பக்கத்தில் நேரத்தைப் போட்டுவிடு. இல்லாவிட்டால் நீ செய்துவிட்டாயா, தன்னைச் செய்யச் சொல்கிறாயா என்று அடுத்த ஷிப்டுக்கு வருகிறவள் குழம்புவாள்.

இதன் பின்னால் ஒட்டும் வால்களைத்தான் தனியாகக் கற்க வேண்டும். "செட் ஆஃப்" என்றால் பயணம் கிளம்புவது. அலாரத்தை அலறவிடுவதும் அதுவே, வெடி வெடிப்பதும் அதுவே. "செட் இன்" என்பது பெரும்பாலும் வேண்டாத விருந்தாளிக்கு: தொற்று, அழுகல், குளிர்காலம், செத்த உடம்பின் விறைப்பு. வந்து உட்கார்ந்துகொண்டு லேசில் போகமாட்டேன் என்பவை எல்லாம் இந்தப் பட்டியலில் வரும். நோயாளியின் குறிப்பில் இதைப் பார்த்தால் கொஞ்சம் நின்று படி. "செட்டப்" என்பது அங்கே ஏற்பாடு செய்வது, மாட்டி வைப்பது, ஒருவரைச் சதியில் சிக்கவைப்பது. நம் ஊரில் அதற்கு இருக்கும் இன்னொரு பொருளைத் தகப்பன் மகளுக்கு எழுதுவது முறையில்லை. ஆனால் டிவிக்கு மேல் வைக்கும் "செட் டாப் பாக்ஸ்", நம் ஊரில் எல்லார் வாயிலும் "செட்டப் பாக்ஸ்" ஆனது எனக்குப் பிடித்த விஷயம். இப்போது வரும் டிவியின் தலையில் தீப்பெட்டியைக்கூட வைக்க முடியாது, பெயர் மட்டும் நிற்கிறது.

உன்னுடன் வேலை செய்யும் பெண் புதுக் கோட்டைக் காட்டி, அது தன்னை எண்பது பவுண்டு "செட் பேக்" செய்துவிட்டது என்றாளாம், நீ விழித்தாயாம். அவள் சொன்னது விலையை. கொஞ்சம் கூடுதல்தான் என்ற பெருமூச்சும் அதில் உண்டு. தேறி வந்த நோயாளி மறுபடி படுத்துவிட்டால் அதற்கும் இதே சொல், பெயர்ச்சொல்லாக. அக்டோபர் கடைசி ஞாயிறு அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைத்தார்களே, அதுவும் செட் பேக்தான்.

அந்தக் கடிகாரத்தில்தான் எனக்குச் சந்தேகம் விழுந்தது.

நீ மான்செஸ்டர் போய் இறங்கியது ஜூனில். இரவு ஒன்பதரைக்கும் வெளிச்சமாக இருக்கிறது என்று ஜன்னலோரத்தில் நின்று படம் அனுப்பினாய். அப்போது உனக்கு எல்லாம் பிடித்திருந்தது. பார்க், லைப்ரரி, கூட்டமில்லாத பஸ், "வழியைக் கேட்டால் கூடவே நடந்து வந்து காட்டுகிறார்கள்" என்று புகழ்மாலை. கடிகாரத்தைத் திருப்பி வைத்த பிறகுதான் உன் பேச்சில் சுருதி இறங்கியது. இங்கே நாம் எட்டாவது அட்சரேகையில் இருக்கிறோம். வருடம் முழுக்கச் சூரியன் மறைவது மாலை ஆறு மணியை ஒட்டியும் ஆறே முக்காலுக்குள்ளும்தான். கன்னியாகுமரி லாட்ஜ்களில் "சன்செட் வியூ" என்று சொல்லி வாடகையைக் கூட்டுகிறார்கள். சித்ரா பௌர்ணமியன்று மேற்கே சூரியன் இறங்க, கிழக்கே நிலா ஏறுவதைப் பார்க்கக் கடற்கரையில் நிற்க இடமிருக்காது. நமக்கு அந்த செட் ஒரு வேடிக்கை. நீ இருப்பது 53-ஆவது அட்சரேகை. டிசம்பர் நடுவில் அங்கே நான்கு மணி ஆவதற்குள் சூரியன் போய்விடும். காலை ஷிப்டுக்கு இருட்டில் போய், இருட்டில் திரும்புகிறாய். இரவு ஷிப்ட் என்றால் கேட்கவே வேண்டாம், பகல் முழுக்கத் தூக்கம். கடைசியாக வெயிலை எப்போது பார்த்தாய், சொல்லு.

இதனால்தான் "செட் ஆகவில்லை" என்ற பேச்சு எனக்குப் பிடிப்பதில்லை. காலேஜ் பிள்ளைகள் வாயில் எல்லாமே செட் ஆகவில்லைதான். சட்டை, வேலை, மாப்பிள்ளை, ஹாஸ்டல் சாம்பார், எல்லாவற்றுக்கும் இந்த ஒன்று. ஒருவன் அப்படிச் சொன்னால் அவனுக்கு என்னதான் பிடிக்கவில்லை என்று தெரியாது. பல சமயம் அவனுக்கே தெரியாது. நீ உன் வார்டு மேனேஜரிடம் போய் இதை அப்படியே ஆங்கிலத்தில் சொல்லிப் பார், என்ன சொல்கிறாய் என்று திருப்பிக் கேட்பார். அங்கே புதிதாக வந்தவரிடம் "செட்டில் இன்" ஆகிவிட்டாயா என்றுதான் விசாரிப்பார்கள். புது இடம் பழகிவிட்டதா என்று கேட்கிறார்கள், அவ்வளவே. நம் பக்கத்து வீட்டு மாமி "மோள் செட்டில் ஆகிவிட்டாளா?" என்று கேட்பதில் வீடு, கார், கல்யாணம், பவுன் எல்லாம் அடக்கம். அவள் கேள்விக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். நீ அந்த மேனேஜர் கேட்டால் இல்லை என்று தாராளமாகச் சொல்லலாம். என்ன பழகவில்லை என்று அடுத்த கேள்வி வரும், அதற்குப் பதில் வைத்துக்கொள்.

சிமென்ட் இறுக நேரம் வேண்டும், உனக்கும் நேரம் வேண்டும் என்று நான் உபதேசம் செய்யப் போவதில்லை. கொத்தனாரிடம் கேட்டால் சிமென்ட் அரை மணி நேரத்துக்கு முன் இறுகத் தொடங்கக்கூடாது, பத்து மணி நேரத்துக்குள் இறுகி முடிய வேண்டும் என்று கணக்கே இருக்கிறது என்பார். மனுஷிக்கு அப்படிக் கணக்கு யாரும் போட்டு வைக்கவில்லை. உனக்கு வர வேண்டும் என்று தோன்றினால் வந்துவிடு. கதவைத் திறக்க நான் இருக்கிறேன். ஆனால் இருட்டுக்காகவா வருகிறாய், வேலைக்காகவா, அறையில் கூட இருக்கும் பெண்ணுக்காகவா என்று தெரிந்துகொண்டு வா. இருட்டு என்றால் மார்ச் கடைசி ஞாயிறு கடிகாரத்தை மறுபடி முன்னே தள்ளுவார்கள். வேலை என்றால் வேறு வார்டு கேட்கலாம். அறை என்றால் இந்த வாரமே மாற்றலாம், அட்வான்ஸுக்கு நான் பணம் அனுப்புகிறேன்.

ஒவ்வொன்றையும் பிரித்து எழுது. இரவு ஷிப்ட் மாதத்துக்கு எத்தனை வருகிறது, லீவு நாளில் பகலில் வெளியே போகிறாயா, வாடகையில் ஹீட்டர் செலவு சேர்த்தியா, ஒழுங்காகச் சமைக்கிறாயா அல்லது ரொட்டியை மென்றுவிட்டுப் படுக்கிறாயா. வைட்டமின் டி மாத்திரையை நோயாளிகளுக்கு மட்டும் சொல்லாமல் நீயும் போட்டுக்கொள்.

தக்கலையிலிருந்து ஒரு பையன் அடுத்த வாரம் உன் ஊருக்கு வருகிறான். அரைக் கிலோவுக்கு மேல் கொண்டுவர முடியாது என்று கறாராகச் சொல்லிவிட்டான். நேந்திரங்காய் உப்பேரியா, சர்க்கரை உப்பேரியா என்று அம்மா கேட்கிறாள். வியாழக்கிழமைக்குள் சொல். கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கு ஒரு ஆர்டர் வரும்போலிருக்கிறது, அதற்குள் நான் யூனிட்டுகளைக் கழற்றிப் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
அப்பா